குறிப்பு: அறுபது எழுத்துக்குள்

உபெர்லிந்தா சிகுவாய் எழுதலாம்,
வெளியிட முடியாது.
அப்படித்தான் அமைத்திருந்தேன்,
காஸ்ட்ரோ நகராட்சியின் மீன்வளப் பிரிவில்,
விறகடுப்பு புகைந்த ஒரு ஜூலை மதியத்தில்.
நான்கு பொறுப்புகள். அவள் மூன்றாவது.
எனக்கு மேலே யாரும் இல்லை, மென்பொருளுக்குள்.
வெளியே எல்லோரும் என் மேலே.

ஓத அட்டவணை மட்டும் தனிக்கதை.
துறைமுக எழுத்தர் ரோசாமெல் முழங்கால் அறுவைக்குப் போனபோது
"யாராவது பார்த்துக்கொள்ளட்டும்" என்றார்கள்.
யாராவது என்றால் அவள்தான்.
நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம்,
பக்கத்தில் குறிப்பு என்றொரு கட்டம், அறுபது எழுத்துக்குள்.
அதற்கு ஒப்புதல் வேண்டாம்.
கடல் இறங்குவதற்கு யார் ஒப்புதல் தருவது?
ஒரு டிக் போட்டேன்.
ரோசாமெல் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.
டிக் அங்கேயே கிடந்தது.

சனி இரவு நடந்ததைப் பதிவேட்டில்தான் படித்தேன்.
பதிவேட்டுக்கு மூச்சு வாங்காது.
23:41 வரைவு சேமிக்கப்பட்டது.
23:42 ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது.
23:50 மீண்டும் அனுப்பப்பட்டது.
00:15 மீண்டும்.
வரைவின் தலைப்பு: செவ்வோதம், வடக்குக் குடா.
கடல் நிறம் மாறாமலே வந்த செவ்வோதம்.
எண்பதைத் தாண்டினால் விஷம்,
அவள் கண்ட எண் இருநூற்றுப் பத்து.
இரண்டு முறை சோதித்திருக்கிறாள்,
குழாயையும் நம்பாமல், தன்னையும் நம்பாமல்.

ஒப்புதல் தரவேண்டிய நிபால்தோ ஓயார்சூன்
கால்வாய்க்கு அப்பால், அச்சாவோவில்,
அண்ணன் மகள் கல்யாணத்தில்
அக்கார்டியனுக்கு ஆடிக்கொண்டிருந்தார்.
அவர்மேல் தப்பில்லை. ஆடத்தான் போனார்.
நான் எங்கே? வீட்டில்.
கைபேசி சமையலறையில், சார்ஜில்.
பதினோரு அழைப்பு.
ரொட்டிக்கூடை பக்கத்தில் அதிர்ந்து அதிர்ந்து
காலையில் அது மேசை விளிம்புவரை நகர்ந்திருந்தது.

01:07 ஓத அட்டவணை. குறிப்பு திருத்தப்பட்டது.

மட்டி எடுக்காதீர். வேகவைத்தாலும் விஷம். வடக்குக் குடா.

கடைசியில் தன் பெயரும் போட்டிருந்தாள்.
01:09 பெயர் நீக்கம்.
அந்த இடத்தில் இன்னொருமுறை: விஷம்.

எச்சரிக்கைக்கென்றே ஒரு பக்கம் வைத்திருக்கிறோம்,
சிவப்பு எழுத்து, நகராட்சி முத்திரை, மூன்று இணைப்பு.
அதை யாரும் திறப்பதில்லை.
ஓத அட்டவணையைத் திறக்காமல்
சேற்றில் கால் வைப்பவர் இந்தத் தீவில் கிடையாது.
ஞாயிறு விடியலில், நீர் பின்வாங்கிய கரையிலிருந்து
கூடைகள் வெறுமையாகத் திரும்பின.
குராந்தோவுக்குத் தோண்டிய குழிகளில்
கோழியும் உருளைக்கிழங்கும் மட்டும் வெந்தன;
பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

கிடையாது என்றேன். ஒருவன் உண்டு.
எவாரிஸ்தோ பார்ரியா.
அந்த வாரம் அவன் கைபேசி தண்ணீரில் விழுந்திருந்தது.
உதடு மரத்து, விரல் மரத்து, மூச்சுக்குக் குழாய்.
மூன்றாம் நாள் பேசினான்.
என் கனவில் இன்னும் பேசவில்லை.

திங்கள்கிழமை
நிபால்தோ என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.
பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்தது.
"நல்லதுதான் செய்தாள், ஆனால் முறை இல்லை.
அந்தப் பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிடு."

எடுத்தேன்.
ஆனால் இந்த மென்பொருள் ஒரு பெயரை
அந்தரத்தில் விடாது.
வேறு பொறுப்பு தேர்ந்தெடு என்றது.
பட்டியல் விரிந்தது.
அவள் இருந்த இடத்துக்குக் கீழே: வாசகர்.
மேலே: வெளியீட்டாளர்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் தன் அறையிலேயே
விட்டு வந்திருந்தார்.
அம்புக்குறி கீழே போயிருக்கலாம்.

"முடிந்ததா?"
முடிந்தது என்றேன். பொய்யில்லை.

10:22 உபெர்லிந்தா சிகுவாய், பொறுப்பு மாற்றம்.
மாற்றியவர் என்ற கட்டத்தில் என் பெயர்,
அம்மா வழிக் குடும்பப் பெயரும் சேர்த்து, முழுசாக.
அதை அழிக்கும் பொத்தானைத் தேடினேன்,
பழக்க தோஷம்.
நிர்வாகிக்கும் அது இல்லை.